நடுக்கட்டத்து முகம்

பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வரும். சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டுகிற மனிதனுக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா ஜிப் வியாபாரி, சித்தப்பா நூல்கண்டு வியாபாரி, அம்மா வழியில் அத்தனை பேரும் துணிக்கடை. எங்கள் வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால்கூட இரண்டு கேட்டுத்தான் ஒன்றுக்கு இறங்குவோம்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டும் என் மனைவிக்குப் பேரம் ஒட்டவே இல்லை. அவளிடம் விலை கேட்டால் விலையைச் சொல்லிவிடுவாள். ஆகவே பேச்சு என் பொறுப்பு, வேலை அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். முன்னால் என் பொத்தான் கடை. பின்னறையில் அவள் மெஷின்.

அதைச் சாதாரணத் தையல் மெஷின் என்று நினைத்துவிடக் கூடாது. இரட்டைக் கட்டில் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன் இரு ஓரமும் உருளைகள். நடுவே துணி கூடாரம்போல விறைத்து நிற்கும். துணி அசையாது, மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். அதில் அவள் குவில்ட் தைக்கிறாள். மேலே துண்டு துண்டாகச் சேர்த்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவி ஒன்றாகப் பிடிக்கிற தையல். அந்தத் தையல் எப்படி ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் கையில் அது நன்றாகவே ஓடும். கணவன் என்பதற்காகச் சொல்லவில்லை, வியாபாரி என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் சரக்கை வைக்க இடமில்லை. தைத்து முடித்தவை ஜிப் பெட்டிகளுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. பொத்தான் வாங்க வருகிறவர்கள் பொத்தானைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அது எனக்குக் காதில் விழும்.

எங்கள் தெரு முடிகிற முனையில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை. இரண்டு தெருவையும் பார்த்த மாதிரி அதற்கு ஒரு ஷோகேஸ். எதிரே பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நிற்கிறவன் வேறு எங்கே பார்ப்பான்? நாள் முழுக்க அந்த ஷோகேஸையே பார்ப்பான். என் மனைவி கடைத்தெருவுக்குப் போனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நடை தளரும். உள்ளே இருக்கிற சோபாவை அவள் பார்க்கவில்லை, சோபா இருக்கிற இடத்தைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கடையை நடத்தியவரை எல்லோரும் முதலாளியம்மா என்றுதான் சொல்வோம். பேரத்தில் நான் கைகட்டி நிற்பது அவர் ஒருவர் முன்னால்தான். அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். கண்ணில் சரியாக உட்கார்ந்திருந்தால் பேச்சு நடக்கிறது. மூக்கு நுனிக்கு இறங்கினால் நீங்கள் சொன்ன விலையைக் கேட்டு உங்களுக்காக வருத்தப்படுகிறார். கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டால் முடிந்தது; அதற்குமேல் பேசினால் அவருக்குக் காது கேட்காது.

அவர் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிற விழாவுக்கு ஒரு குவில்ட் வேண்டும் என்று மகனும் மகளும் மாப்பிள்ளையும் ஒரு காலையில் வந்தார்கள். அம்மாவின் பழைய ஃபோட்டோக்களைத் துணியில் அச்சடித்து, கடையில் மிஞ்சிய திரைத்துணிகளோடு சேர்த்துத் தைக்க வேண்டுமாம். நடுக்கட்டத்தில் அம்மா, முதல் கடையின் மரக்கதவுக்கு முன்னால் இளவயதில் நிற்கிற படம். சுற்றிலும் குடும்பம்.

"எங்க வைக்கப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஷோரூம் சுவர்ல மாட்டுவோம் அக்கா," என்றாள் மகள்.

நான் இருமினேன். எனக்கு இருமல் வந்தால் வியாபாரம் வருகிறது என்று அர்த்தம். "சுவர்ல மாட்டுங்க, நல்லா மாட்டுங்க. ஷோகேஸ்லயும் ஒரு மூலை இவளுக்குக் குடுத்தீங்கன்னா இவ தைச்சதை நாலு பேரு பாப்பாங்க."

மூத்தவனான மகன் தங்கையைப் பார்த்தான். "அம்மாவுக்குப் புடிச்சுதுன்னா ஒரு மூலை, ஒரு மாசம். ஆனா அம்மாவுக்குப் புடிக்கணும்."

"புடிக்கும்," என்றாள் என் மனைவி. நான் சொல்லியிருந்தால் அது வியாபாரப் பேச்சு. அவள் சொன்னபோது அது தகவல் மாதிரி இருந்தது.

ஃபோட்டோத் துணி ஒரு தினுசு. மருந்து பூசிய துணி; ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை நின்றுவிடும். சாதாரணத் துணியில் தையலைப் பிரித்து நகத்தால் நீவினால் மூடிக்கொள்ளும். இதில் மூடாது. அதற்காக முகத்தைத் தொடாமல் விட்டுச் சுற்றிலும் நெருக்கித் தைத்தால், பஞ்சு முழுக்க அங்கே போய்ச் சேர்ந்து முகம் பன்ரொட்டியாக உப்பிவிடும். ஆகவே தலைமுடி ஓரம், காதோரம், காலர், தாடை என்று படத்திலேயே இருக்கிற கோடுகளில் ஊசியை நடத்திப் பஞ்சை அடக்க வேண்டும். இதை அவள் விளக்கிச் சொன்ன அன்றே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஏனென்றால் அதை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மகள் தனியாக வந்தாள். "அக்கா, என் படத்துல தாடையோரம் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைச்சா கன்னம் ஒடுங்குமா?"

"ஒடுங்கும்."

"எவ்ளோ ஒடுங்கும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த அளவுக்கு ஒடுக்கலாம். அதுக்கும் முன்னாடி வேணும்னா வேற ஃபோட்டோ குடுங்க."

அடுத்து மூத்தவன், பெல்ட் பக்கிள் பார்க்கிற சாக்கில். தன் படத்தில் நெற்றிக்குமேல் கொஞ்சம் கறுப்பு நூல் ஓட்ட முடியுமா என்று என் காதோடு கேட்டான். பேஷாக ஓட்டலாம் என்று நான் ஒப்புக்கொண்டேன். உள்ளே போய்ச் சொன்னால், "இருக்கிற முடியைத்தான் தைப்பேன், இல்லாததை எங்கேர்ந்து தைக்கிறது?" என்றாள். ஆனாலும் இருந்த முடியை அவள் தைத்த விதத்தில் அது இரண்டு பங்காகத் தெரிந்தது.

மாப்பிள்ளை தினமும் வந்தார். அவருக்குக் கன்னமும் பிரச்சினை இல்லை, முடியும் பிரச்சினை இல்லை. மச்சான் படத்தைவிடத் தன் படம் ஒரு விரல் சின்னதாக இருக்கிறதோ என்பதுதான் பிரச்சினை. இன்ச் டேப்பைக் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னேன். அளந்தார். சமம். அப்படியும் மனம் ஆறவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை, மிச்சமிருந்தது திரைத்துணிக் கட்டங்கள் மட்டும். ஃபோட்டோக்களை அவள் முன்பக்கம் நின்று கண்ணால் பார்த்துத் தைப்பாள். திரைத்துணிக்கு ஒரே அளவு வளையங்கள். கோட் பொத்தான் பருமனில், ஒன்றையொன்று கோத்தபடி போகும். அதற்கு மெஷினின் பின்பக்கம் நிற்க வேண்டும். அங்கே ஒரு நீளத் தாளில் வளையங்கள் வரைந்திருக்கும். மெஷினிலிருந்து விழுகிற சிவப்பு வெளிச்சப் புள்ளியை அந்தக் கோட்டின்மேல் நடத்தினால், முன்பக்கம் ஊசி அதே வளையங்களைத் துணியில் போட்டுக்கொண்டே போகும். வளையம் அச்சு மாதிரி வரும். ஆனால் தைக்கிறவளுக்குத் துணி தெரியாது. ஃபோட்டோவின் ஓரம் வரும்போது முன்னால் நிற்கிற ஒருவர் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். வழக்கமாக அது நான்.

அன்று நான் அங்கே நின்றிருந்தபோது கடையில் யாரோ ஜிப் கேட்டுக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்," என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் படத்தை.

நான் திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. மாப்பிள்ளையின் முகம் சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. நடுக்கட்டத்தில் மணல்நிற நூல் இடது ஓரத்திலிருந்து நுழைந்து, கதவைக் கடந்து, காதுக்குமேல் ஏறி, முதலாளியம்மாவின் ஒரு கண்ணைச் சுற்றி முழு வளையம் போட்டு, மூக்கைத் தாண்டி, மறு கண்ணின் புருவத்தில் பாதி வளையத்தோடு நின்றிருந்தது.

"அக்கா, நான் சொன்னேன்," என்றார் மாப்பிள்ளை.

"சொன்னீங்க. மூக்கைத் தாண்டினப்புறம் சொன்னீங்க."

"பிரிச்சிடலாம்ல?"

"பிரிச்சா ஓட்டை நிக்கும். அம்மை போட்ட மாதிரி இருக்கும்."

"வேற அச்சடிச்சு மேல ஒட்டிடலாமா?"

அச்சுக்கடைக்காரருக்கு நான் ஃபோன் போட்டேன். மருந்துத் துணி தீர்ந்துபோய்விட்டது, அடுத்த வாரம்தான் ரோல் வரும் என்றார். அடுத்த வாரம் விழா முடிந்து மாலைகூட வாடிப்போயிருக்கும்.

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணா, யார் செஞ்சதுன்னு தெரிய வேணாம். நான் இந்தக் குடும்பத்துக்குள்ள வந்ததே அத்தைகிட்ட அவ்ளோ பேரம் பேசித்தான்."

என் மனசுக்குள் ஒரு பழைய வியாபாரி எழுந்து கையைத் தேய்த்தான். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இந்த மனிதரிடம் ஷோகேஸ் முழுவதையுமே கேட்கலாம். வாயைத் திறந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவள் சட்டத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். யாரையோ அடையாளம் தெரிந்துகொள்கிற மாதிரி இருந்தது.

"ஏங்க, இந்த அம்மா எல்லா ஃபோட்டோலயும் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் நிப்பாங்களா?"

"ஆமா. கேமராவைப் பாத்தா கை தானா மேல போயிடும்," என்றேன்.

"அதான். எத்தனை நாளா இந்த முகத்தோட வேலை செய்யறேன், யாருன்னே புடிபடல. இப்ப தெரியுது."

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அத்தனை படங்களிலும் முதலாளியம்மா பேரம் முடிந்துபோன முகத்தோடு இருந்தார். இனிமேல் பேச ஒன்றுமில்லை என்கிற முகம். அந்த அரை வளையக் கோணலிலும், நடுக்கட்டத்தில் மட்டும், 'சரி, நீ என்ன தர்றே?' என்று கேட்கிற முகம் இருந்தது.

"அவங்களுக்குக் கண்ணாடியோட படம் புடிக்காது," என்றேன். "ஷோகேஸ் போயிடும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன். காப்பிக்கொட்டை நிற நூல் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. மெல்லிசா. மாப்பிள்ளை, நீங்க எழுந்து வெளிச்சத்தை விடுங்க."

நூல் வந்ததும் பாபின் மாற்றினாள், ஊசி மாற்றினாள். ஊசி விழுந்த அதே ஓட்டைகளில் மறுபடி ஊசியை இறக்கிக்கொண்டு போனாள். வேகமே இல்லை; மெஷின் ஒவ்வொரு குத்தாக யோசித்து யோசித்து நடந்தது. முதல் வளையத்தின்மேல் நூல் அடர்ந்தது. மூக்கின்மேல் ஒரு சின்னப் பாலம். மறு கண்ணின் அரை வளையத்தை அவள் தாள் இல்லாமல், புள்ளி இல்லாமல், வெறும் கையால் முழுதாக்கினாள். இரண்டும் ஜோடியாக நின்றன. காதுக்குமேல் ஏறிய நூல் கண்ணாடியின் காம்பாகிவிட்டது. காதைத் தாண்டிக் கதவின்மேல் கிடந்த நூலை என்ன செய்வாள் என்று பார்த்தேன். மரக்கதவின் குறுக்குச் சட்டமாக அதை நீட்டி, கீழேயும் ஒரு சட்டம் தைத்துவிட்டாள். கதவே அப்படித்தான் செய்யப்பட்டது என்று தோன்றியது.

மாப்பிள்ளை கிட்டே வந்தும் தள்ளி நின்றும் பார்த்தார். கடைசியில், "அத்தை மாதிரியே இருக்காங்க. பயமா இருக்கு," என்றார்.

மறுநாள் மாலை ஷோரூமில் சோபாக்களைச் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள், கம்பெனிக்காரர்கள், லாரிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். சுவரில் குவில்ட், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. என் மனைவி பின்னால் ஒரு டைனிங் டேபிள் ஓரமாக நின்றாள். மாப்பிள்ளை அவளுக்கும் வாசலுக்கும் சரிபாதியில், எந்தப் பக்கமும் ஓட வசதியாக நின்றார்.

மகள் துணியை இழுத்தாள். கை தட்டினார்கள். பிறகு கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. எல்லோருக்கும் நடுக்கட்டம் தெரிந்துவிட்டது. மூத்தவன் தங்கையைப் பார்த்தான், தங்கை என்னைப் பார்த்தாள், நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

முதலாளியம்மா எழுந்து கிட்டே போனார். குவில்ட்டின் ஓரத்தை மடக்கி அடித்துணியில் தையல் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தார். நகத்தால் ஒரு வளையத்தைச் சுரண்டினார். அதற்கப்புறம்தான் முகத்துக்கு வந்தார்.

"இதைத் தைச்சது யாரு?"

"நான்தாம்மா," என்று என் மனைவி முன்னால் வந்தாள். கூட்டம் வழிவிட்டது.

"ஃபோட்டோல நான் கண்ணாடி போடலையே."

நான் உள்ளுக்குள் பதில்களை அடுக்கினேன். 'சிறப்பு வேலைப்பாடு' என்று சொல்லலாம். 'இப்ப இதுதான் ஃபேஷன்' என்று சொல்லலாம். அவளுக்கு ஒன்றாவது எட்டட்டும் என்று கண்ணால் தள்ளினேன்.

"ஊசி தப்பிப்போச்சும்மா," என்றாள் அவள். "முகத்து மேல ஒண்ணரை வளையம் விழுந்துடுச்சு. பிரிச்சா ஓட்டை நிக்கும். அதனால முழுசாக்கினேன். முழுசாக்கினதுக்கு அப்புறம்தான் அது நீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. முன்னாடி இருந்த அம்மாவை நான் பாத்ததில்லை."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். தன் பெயர் வரும் என்று காத்திருந்தார் போல. வரவில்லை.

முதலாளியம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"சரக்குல இருக்கிற குறையை நீயே சொல்லிட்டா நான் எதை வெச்சுப் பேரம் பேசறது?"

யாரோ ஒரு லாரிக்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். முதலாளியம்மா கண்ணாடியை விரலால் மேலே ஏற்றிச் சரியாக உட்கார வைத்தார்.

"இன்னொரு காதுக்குக் காம்பு எங்கே?"

"அந்தப் பக்கம் முடி மறைக்குதும்மா. இல்லாததை நான் தைக்கிறதில்லை."

அந்தக் கணத்தில் மூத்தவன் தன் படத்தை அவசரமாகத் திரும்பிப் பார்த்தான்.

"என் பசங்க உனக்கு என்ன தர்றதா பேச்சு?"

"உங்களுக்குப் புடிச்சா ஷோகேஸ்ல ஒரு மூலை. ஒரு மாசம்."

"மூலையா?" முதலாளியம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கடையை உங்க கையில குடுக்கறேன், நீங்க மூலை மூலையா குடுக்கறீங்க." மறுபடி இவள் பக்கம். "இடது பக்கத்தை முழுசா எடுத்துக்கோ. மழைக்காலம் முடியற வரைக்கும்."

நன்றி சொல்லிவிடு என்று நான் கண் காட்டினேன். இடது பக்கம் என்பது நான் கனவில் கேட்கிற விலை.

"இடது பக்கம் வேணாம்மா," என்றாள் என் மனைவி.

நான் மறுபடி மின்விசிறியைப் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாப் பாத்த பக்கம் வேணும்."

"அங்க என் சோபா இருக்கு."

"இருக்கட்டும். அந்தச் சோபா மேலயே விரிக்கிறேன். சும்மா இருந்தா அது சோபா. மேல ஒண்ணு விரிச்சா வீடு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க வீட்டுக்குத்தானே போறாங்க. உங்களுதும் விக்கும், எனக்கும் விக்கும்."

இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். இத்தனை வருஷம் பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது முன்னறையில் நான் பேசியதெல்லாம் கதவு வழியாக உள்ளே போயிருக்கிறது. அங்கே என்ன தேறியதோ அதை மட்டும் அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதலாளியம்மாவின் கை மெதுவாக மேலே ஏறியது. கண்ணாடிக்குப் போகிறது. கழற்றினால் முடிந்தது, கிடைத்தது கிடைத்ததுதான். எனக்குத் தெரியும், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

"நீங்க கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றாள்.

கை காம்பைப் பிடித்தபடி நின்றது.

"ஷோகேஸ்ல ஒரு போர்டு வைப்பேன். அதுல என் பேர்தான் இருக்கும். இவர் கடைப் பேர் இல்லை."

முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பொத்தான்காரர் என்ன சொல்றாரு?"

நியாயமாக அந்த இடத்தில் நான் இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். போர்டின் கீழே சின்ன எழுத்தில் 'பொத்தான், ஜிப், நூல் இங்கே கிடைக்கும்' என்று ஒரு வரியாவது கேட்டு வாங்கியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்: "அவ சொல்றதுதாம்மா."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரி," என்று மடக்கி, பக்கத்திலிருந்த டேபிளின்மேல் வைத்தார்.

அடுத்த வாரம் பெட்டிகளை நானும் மாப்பிள்ளையும் சுமந்தோம். அவராகவே வந்தார், காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஷோகேஸுக்குள் அவள் நீலமும் மஞ்சளுமாக ஒரு குவில்ட்டைச் சோபாவின்மேல் விரித்து, கையால் ஒருமுறை நீவிவிட்டாள். போர்டை மேலே கட்டினாள்.

"நீங்க எதிர்ல நின்னு நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள். "போர்டை மட்டும் பாருங்க. வேற யார்கிட்டயும் பேசாதீங்க."

பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். வலது பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. கையைக் காட்டினேன், ஏற்றினாள். பக்கத்தில் பையோடு நின்ற ஒருவர் ஷோகேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.

"அது என்ன விலை இருக்கும் சார்?" என்று என்னிடம் கேட்டார்.

வாய்வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன்.

"தைச்சவங்க உள்ளே இருக்காங்க," என்றேன். "போய்க் கேளுங்க. கொஞ்சம் ஜாக்கிரதையா கேளுங்க."